சர்ஜரியில் கேட்பது ஒன்றுதான்: அடுத்து என்ன செய்வீர்கள்?

தம்பி, சர்ஜரி வீடியோக்களை மூன்று முறை பார்த்து முடித்தும் மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஹவுஸ் சர்ஜன் வேலையிலேயே பொழுது போய்விடுகிறது, மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வை ஒரு வருடம் தள்ளிப்போடட்டுமா என்றும் கேட்கிறீர்கள். அந்த முடிவு இப்போது வேண்டாம். நீங்கள் அனுப்பிய தவறான விடைகளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் பாடம் தெரியாமல் போனவை அல்ல, எதை முதலில் செய்வது என்ற இடத்தில் சறுக்கியவை. நான்காவது முறை வீடியோ பார்த்தாலும் அது சரியாகாது.

டென்ஷன் நியூமோதொராக்ஸை, அதாவது நுரையீரலுக்கு வெளியே மார்புக்குள் காற்று அடைபட்டு அழுத்துவதை, எடுத்துக்கொள்ளுங்கள். அறிகுறிகள் எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. ஆனாலும் மார்பு எக்ஸ்ரே என்ற விடையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்காமல் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பதுதான் கேள்வியே. அப்புறம், சீனியர்களின் பழைய ஜெராக்ஸ் நோட்ஸில் பெரியவர்களுக்கும் காற்றை வெளியேற்ற ஊசி போடும் இடம் இரண்டாவது விலா இடைவெளி என்றிருக்கும். 2018இல் வந்த ஏடிஎல்எஸ் (விபத்துக் காய சிகிச்சைக்கான வழிகாட்டி) பத்தாம் பதிப்பு அதை நான்காவது அல்லது ஐந்தாவது இடைவெளிக்கு, அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால், மாற்றிவிட்டது. குழந்தைகளுக்குத்தான் பழைய இடமே. நோட்ஸைப் புரட்டும்போது அது எந்த வருடத்தது என்று பாருங்கள்.

தீக்காயத்தில் நீங்கள் விட்டது வேறு மாதிரி. எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்று கணக்கிடும் பார்க்லேண்ட் சூத்திரம் தெரிந்திருக்கிறது, நேரம்தான் தவறிவிட்டது. 60 கிலோ எடை, 40 சதவீதத் தீக்காயம் என்றால் 4 × 60 × 40, அதாவது 9600 மில்லி ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் திரவம். பாதி முதல் 8 மணி நேரத்தில் போக வேண்டும். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது, ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால் மிச்சம் 6 மணி நேரம்தான். அதற்குள் 4800 மில்லி, மணிக்கு 800. வார்டில் தொங்கும் 500 மில்லி பாட்டிலில் கிட்டத்தட்ட பத்து! ஒரு முறை உங்கள் கையால் மாட்டிவிட்டால் இந்தக் கணக்கு மறக்காது. ஹவுஸ் சர்ஜன் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, இனி திருப்புதலை எப்படிச் செய்வது? ஒரே ஒரு நோட்டுப் போதும். அத்தியாய வரிசை வேண்டாம். நோயாளி எப்படி வருவார், முதலில் என்ன, அது நடந்தபின் என்ன என்று மட்டும் எழுதுங்கள். தனியாக நான்கு பக்கம், செய்யக் கூடாதவைக்கு. விரையில் புற்றுநோய் என்று சந்தேகித்தால் விரைப்பை வழியாக ஊசி குத்தக் கூடாது. அடிபட்டவரின் சிறுநீர்த் துவாரத்தில் ரத்தம் தெரிந்தால், யூரித்ரோகிராம் (சிறுநீர்க் குழாயின் எக்ஸ்ரே) பார்க்காமல் கத்தீட்டர் போடக் கூடாது. மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருக்கலாம் என்றால் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் கூடாது. தவறான விடைகளில் ஒன்று பெரும்பாலும் இந்தப் பட்டியலிலிருந்துதான் வரும்.

நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்காதீர்கள். மூடிவைத்துவிட்டு வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வராத இடத்தை மட்டும் மூன்று நாள் கழித்து மறுபடி தொடுங்கள்.

மாதிரித் தேர்வையும் நேரம் பிரித்தே எழுதுங்கள். 2024இல் 200 கேள்விகளை 40 கேள்விகள் கொண்ட ஐந்து பகுதிகளாக்கி, பகுதிக்கு 42 நிமிடம் என்று வைத்துவிட்டார்கள். முடிந்த பகுதிக்குத் திரும்ப முடியாது. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 போய்விடும். உங்கள் தேர்வுக்கான அறிவிப்பேட்டில் இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேஷுவாலிட்டி டியூட்டி முடிந்ததும், பார்த்த மூன்று நோயாளிகளைப் பற்றி இப்படி எழுதி எனக்கு அனுப்புங்கள், பெயர் இல்லாமல். முதலில் தூங்கி எழுந்துவிட்டு. தள்ளிப்போடுவது பற்றி அப்பாவிடம் நானே பேசுகிறேன்.