வாசகர் கேள்வி பதில்: வீட்டை விற்றால் நிலைக்கதவும் போய்விடுமா?

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில், வீடு விற்பவர்களும் வாங்கியவர்களும் அனுப்பிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஐயா கட்டிய வீட்டை நான்கு பங்காளிகளும் சேர்ந்து விற்பதென்று முடிவு செய்து, கிரைய ஒப்பந்தம் எழுதி, முன்பணமும் வாங்கிவிட்டோம். இப்போது என் தம்பி முகப்பு நிலைக்கதவையும், வளவில் (வீட்டின் நடு முற்றத்துப் பகுதியில்) தொங்கும் ஊஞ்சலையும், பட்டாலையில் (கூடத்தில்) உள்ள பெல்ஜியம் கண்ணாடிகளையும் தன் சென்னை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறான். வாங்குபவரோ, "இருந்தபடி பார்த்துத்தான் விலை பேசினேன், ஓர் ஆணியைக்கூடக் கழற்றக் கூடாது" என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், தேவகோட்டை

பதில்: மூன்று பொருள்களுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. நிலைக்கதவைப் பொறுத்தவரை நியாயம் வாங்குபவர் பக்கம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரையில், ஒரு வீடு கைமாறும்போது அதன் பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல் ஆகியவையும், வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுத்துவதற்கென்று அமைத்த மற்றப் பொருள்களும் சேர்ந்தே கைமாறுகின்றன என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பத்திர எழுத்தர் "கதவு, நிலை, ஜன்னல் உள்பட" என்று எழுத மறந்தாலும் கதவு வீட்டோடுதான் போகும்.

சட்டத்தை விட்டுவிட்டுக் கொத்தனாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். நம் பக்கத்து முகப்பு நிலை, சுவர் எழும்பும்போதே நிறுத்தி, இரு பக்கமும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்து இறுக்கிக் கட்டியது. அதை எடுக்க வேண்டுமானால் மேலே உள்ள சுவருக்கு முட்டுக் கொடுத்து, இரு பக்கமும் இடித்துத்தான் எடுக்க வேண்டும். அப்படி இடிக்கும்போது கஜலட்சுமி செதுக்கிய மேற்பலகை விரிசல் விடலாம் என்பது ஒரு புறமிருக்க, முட்டை வெண்கரு சேர்த்து அரைத்துப் பளிங்குபோலத் தேய்த்த பழைய சுண்ணாம்புப் பூச்சு ஓரமெல்லாம் உதிர்ந்துவிட்டால், அதற்கு ஈடாக ஒட்டுப்போடக்கூடிய கைகாரர்கள் இன்று ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம்.

ஊஞ்சலில் பலகையும் சங்கிலியும் கொக்கியிலிருந்து கழன்று வருபவை, அவை உங்களுடையவை. உத்தரத்தில் இறக்கியிருக்கும் இரும்பு வளையம் வீட்டுக்குரியது. கண்ணாடிகளில், ஆணியில் மாட்டி முன்பக்கம் சாய்த்துத் தொங்கவிட்டவற்றை எடுத்துக்கொள்ளலாம். மரச்சட்டத்தோடு சுவரில் பதித்துப் பூசியவற்றைத் தொடக் கூடாது. ஒரு பொருள் எவ்வளவு உறுதியாகப் பிணைந்திருக்கிறது, எதற்காகப் பிணைத்தார்கள் என்ற இரண்டையும் பார்த்தே நீதிமன்றங்களும் முடிவு செய்கின்றன.

நீங்கள் ஏற்கெனவே ஒப்பந்தம் எழுதிவிட்டதால் இன்னொரு பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. ஒப்பந்த நாளிலிருந்து சாவியை ஒப்படைக்கும் நாள் வரை, பொறுப்பான உரிமையாளர் தன் சொத்தைக் காப்பதுபோல் விற்பவர் அந்த வீட்டைக் காக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே தம்பி தானாக ஆள் வைத்துக் கழற்றினால், பழி நான்கு பேர் தலையிலும் விழும். கதவு கட்டாயம் வேண்டுமென்றால், வாங்குபவரிடம் பேசி, விலையில் ஒரு தொகையைக் குறைத்து, நால்வரும் கையெழுத்திட்ட துணை ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். கதவை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை; வளவுக்கென்று இழைத்த நிலை அடுக்குமாடி வீட்டின் வாசலுக்குப் பொருந்தியதை நான் பார்த்ததில்லை. இனி விற்கப்போகிறவர்கள், முன்பணம் வாங்குவதற்கு முன்பே வாங்குபவரோடு முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை நடந்து, எடுத்துச் செல்பவை, விட்டுச் செல்பவை என்று இரண்டு பட்டியல் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய வீடு ஒன்றை வாங்கிப் பத்திரப்பதிவும் முடிந்துவிட்டது. இரண்டு அறைகள் நிறையப் பித்தளை அண்டாக்கள், எனாமல் தூக்குகள், ஓர் இரும்புப் பெட்டகம், புகைப்படங்கள், பழைய கணக்குப் பேரேடுகள் என்று அப்படியே கிடக்கின்றன. விற்றவர்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: போடக் கூடாது. நீங்கள் வாங்கியது வீட்டைத்தானே ஒழிய, அதற்குள் தனியாக வைத்திருக்கும் சாமான்களை அல்ல. பெட்டகம் நான்கு பேர் சேர்ந்தாலும் அசையாது என்றாலும், தன் கனத்தால் மட்டுமே தரையில் நிற்கும் பொருள் அசையும் பொருள்தான். பிறர் பொருள் கைக்கு வந்து, அதைப் பொறுப்பில் எடுத்துக்கொள்பவர், ஒப்படைத்த பொருளைக் காப்பவருக்குள்ள கடமையோடு அதைக் காக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 71-ஆவது பிரிவில் சொல்கிறது. அந்த அளவு கவனத்தை நீங்களும் காட்டுவது நல்லது.

எனவே, ஊரில் இரண்டு பேரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அறைகளைத் திறந்து, ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் பட்டியல் போடுங்கள். பாத்திரங்களின் கழுத்திலோ அடியிலோ வெட்டியிருக்கும் விலாசத்தையும் (உரிமையாளர் குடும்பத்தைக் குறிக்கும் எழுத்துகள்) பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நகரத்தார் வீடுகளில் பெண்ணுக்குச் சீராக வந்த சாமான்களில் அந்த எழுத்துகள் இருக்கும். அப்படி இருந்தால் அது வீட்டை விற்ற ஆண்களுடையது அல்ல, அந்தப் பெண்ணுடைய அல்லது அவர் வாரிசுகளுடைய சொத்து. சீதனம் பெண்ணுக்கே உரியது என்பதை 1985-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பட்டியலின் நகலை, பத்திரத்தில் கையெழுத்திட்ட எல்லோருக்கும் ஒப்புகை அட்டையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி, நியாயமான கெடு ஒன்றைக் குறிப்பிட்டு, அதற்குள் எடுத்துச் செல்லும்படி கேளுங்கள். கெடு தாண்டியும் பதில் இல்லையென்றால், ஒரு வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பிய பிறகே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

பேரேடுகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பர்மாவிலும் மலேயாவிலும் நடந்த வட்டிக்கடைகளின் கணக்குகள் எடைக்குப் போய்ப் பொட்டலம் கட்டும் தாளாகி அழிந்தவை ஏராளம். கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒற்றை ஆளாகச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களுமே 1994-இல் சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படை. உங்களுக்கு விற்ற குடும்பத்தார் தங்களுக்குத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தால், எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் அப்படிப்பட்ட ஒரு நூலகத்தைக் கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: மின்விசிறி, ஏசி, ஆழ்துளைக் கிணற்று மோட்டார், இன்வெர்ட்டர், மின் இணைப்பின் டெபாசிட் ஆகியவை யாருக்கு?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: மோட்டார் வீட்டோடு போகும். இன்வெர்ட்டரும் பேட்டரியும் உங்களோடு வரும். மின்விசிறியையும் ஏசியையும் பலர் கழற்றிக்கொண்டு போகிறார்கள் என்றாலும் சண்டை வருவதும் இவற்றால்தான் என்பதால், பட்டியலில் எழுதிவிடுங்கள். கழற்றினால் கம்பி முனைகளை மூடி, சுவர் ஓட்டையை அடைத்துவிட்டுப் போங்கள். டெபாசிட்டை "உள்பட" என்று பத்திரத்தில் எழுதினால் வாங்குபவருக்குச் சேரும். கிரைய நாள் வரையிலான வீட்டு வரி விற்பவருடையது. சமையல் எரிவாயு இணைப்பு உங்கள் பெயரில் உள்ளது. அதை வீட்டோடு விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: வீட்டை விற்பதற்கு முன்பே வளவுத் தூண்களையும் சன்னல்களையும் தனியாக விற்றுவிட்டு, மனையை மட்டும் கொடுத்தால் லாபம் அதிகம் என்று ஒரு வியாபாரி சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: ஒப்பந்தம் எழுதாத வரை உங்கள் வீடு உங்களுடையது, ஆனால் பங்காளிகளில் ஒருவர் மறுத்தாலும் மற்றவர்கள் தூணில் கை வைக்க முடியாது. அது சரியான பிறகும் மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டும். பர்மா தேக்கில் ஒரே மரமாகக் கடைந்த வளவுத் தூண் அழகுக்கு நிற்கவில்லை. நாட்டு ஓட்டுக் கூரையின் பாரம் முழுவதும் அதன் மேல்தான் இருக்கிறது. முதல் தூண் போன பிறகு விற்பதற்கு வீடு என்று ஒன்று இருக்காது, இடிபாடுதான் இருக்கும். அதை அகற்றும் கூலியை வியாபாரி தன் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்.

அடுத்தது, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம். நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுடையதாய், ஒரு கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளும் அதன் வரையறைக்குள் வருகிறது. அத்தகைய பொருளை வாங்கி விற்கும் வியாபாரிக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உங்கள் வீடு நூறைத் தாண்டியதென்றால், உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பலர் அந்தக் கேள்வியிலேயே திரும்பிப் போய்விடுவார்கள்.

மூன்றாவது, தரை. ஆத்தங்குடிக் கற்களையும் பெயர்த்துத் தருவதாக அவர் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். சாந்தில் பிடித்துக்கொண்ட பழைய கல் நெம்பும்போது மூலை உடைந்தே வரும். ஆத்தங்குடியிலேயே இன்றும் கண்ணாடிப் பலகையில் வண்ணம் ஊற்றிப் புதிய கற்களைச் செய்துகொண்டிருக்கும்போது, உடைந்ததற்கு யார் விலை கொடுப்பார்கள்? வீட்டைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், துண்டு துண்டாகக் கொடுக்காமல் முழுமையாக எடுத்து வேறிடத்தில் நிறுத்துபவருக்குக் கொடுக்கலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில் நிற்கும் செட்டிநாட்டு வீடு அப்படி இடம் மாறியதுதான். 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். ஆனால் அந்தப் பட்டியல் தனியார் வீட்டின் ஒரு தூணைக்கூடக் காப்பாற்றித் தராது.

கேள்வி: சாமி அறையில் படைப்புக்குரிய (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் வழிபாட்டுக்குரிய) பேழை இருக்கிறது. வீடு வேற்றாருக்குப் போகிறது. பேழையை என்ன செய்வது என்று அயித்தை கவலைப்படுகிறார்.
– வாசகி, நாட்டரசன்கோட்டை

பதில்: சட்டப்படி அது எடுத்துச் செல்லக்கூடிய பொருள். ஆனால் அது விற்பவருக்கு மட்டும் உரியதும் அல்ல. படைப்பில் பங்குள்ள பங்காளிகள் எல்லோருக்கும் அதில் பாத்தியம் உண்டு. ஆகையால் கிரையத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்பே அவர்களைக் கூட்டி, இனி படைப்பு எந்த வீட்டில் என்று முடிவு செய்து, பேழையை அங்கே சேர்த்துவிடுங்கள். புதியவர் நல்ல மனத்தோடு "இங்கேயே இருக்கட்டும், வந்து கும்பிட்டுப் போங்கள்" என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அவர் பிள்ளைகள் காலத்தில் அந்த வாக்கு நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை.

கேள்வி: சென்ற ஆண்டு வாங்கிய வீட்டில் மராமத்து பார்த்தபோது, சுவருக்குள் மறைவாக இருந்த மாடத்திலிருந்து வெள்ளிக் கிண்ணங்கள் கிடைத்தன. பத்திரத்தில் "நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்" (புதையல், மறைத்து வைத்த பொருள், நீர், மரம், கல்) எல்லாம் உள்பட என்று எழுதியிருப்பதால் எனக்கே சொந்தம்தானே?
– வாசகர், புதுவயல்

பதில்: பத்திரத்தில் வழிவழியாக வரும் அந்த வாசகத்தை மட்டும் நம்பி வைத்துக்கொள்ள முடியாது. மண்ணுக்குள்ளோ மண்ணோடு பிணைந்த கட்டடத்துக்குள்ளோ மறைத்து வைத்த விலையுள்ள பொருள், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி புதையல்தான். அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே, என்ன கிடைத்தது, எங்கே, எப்போது, சுமாரான மதிப்பு என்ன என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விடுவது குற்றம். கடந்த நூறு ஆண்டுக்குள் மறைத்து வைத்தது என்று உரிமை கோரி யாராவது வந்தால், நீதிமன்றத்தை நாட அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும். உங்களுக்கு விற்ற குடும்பத்துக்கும் அதே சமயத்தில் தகவல் சொல்லிவிடுங்கள். விசாரணை முடியும் வரை கிண்ணங்களைப் பொடி போட்டுத் துலக்க வேண்டாம். அடியில் விலாசம் வெட்டியிருந்தால், யாருடையது என்பதற்கு அதுவே முக்கியமான அத்தாட்சியாக இருக்கும்.