எலும்பு வைக்கும் பௌத்தப் பேழையில் ஆட்டமும் பாட்டும் ஏன்?

தாதுப் பேழை என்பது, தகனத்துக்குப் பின் எஞ்சிய புத்தரின் அல்லது துறவிகளின் எலும்பு, சாம்பலைப் பாதுகாக்கும் பெட்டி. பெரும்பாலும் தூபிக்குள், அதாவது குவிமாட வடிவ நினைவுக் கட்டடத்துக்குள், வைப்பார்கள்.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள பேழை ஒன்றைப் பாருங்கள். இன்றைய சீனாவின் குச்சா அருகே சுபாஷியில் கிடைத்தது, 6-7ஆம் நூற்றாண்டு. மரப்பெட்டி மேல் துணி ஒட்டி வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். கூம்பு மூடியில், முத்து வளையங்களுக்குள் சிறகு முளைத்த சிறுவர்கள் வாத்தியம் வாசிக்கிறார்கள். சுற்றிலும் முகமூடி போட்ட ஆட்டக்காரர்கள். என்ன துள்ளல்!

காரணம் இதுவாக இருக்கலாம்: பௌத்தத்தில் பரிநிர்வாணம், அதாவது ஞானம் பெற்றவரின் இறப்பு, பிறவிச் சுழலிலிருந்து விடுதலை. புத்தரின் உடலுக்கே, அவர் இறந்த குசிநாரா ஊரின் மல்லர் குலத்தார் ஆடல் பாடலோடுதான் மரியாதை செய்தார்கள் என்கின்றன பாலி மொழிப் பௌத்த நூல்கள். நம்மூரில் கல்யாணச் சாவுக்கு மேளம் கட்டுவதில்லையா, அப்படித்தான்.

எல்லாப் பேழையிலும் புத்தரின் எலும்புதான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மத்தியப் பிரதேசத்தில் உள்ள சாஞ்சியின் 3ஆம் தூபியில் கிடைத்த பேழைகளில் பொறித்திருந்த பெயர்கள் அவருடைய சீடர்களான சாரிபுத்தர், மொக்கல்லானருடையவை.