அணு உலை விபத்து நடந்தால் கறவை மாடும் பாலும் என்ன ஆகும்?

கேள்வி: எங்கள் பண்ணைக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் அணுமின் நிலையம் இருக்கிறது. கறவை மாடுகள்தான் எங்கள் பிழைப்பு. வீட்டில் உள்ள இரண்டு சின்னப் பிள்ளைகளும் அந்தப் பாலைத்தான் குடிக்கிறார்கள். அங்கே விபத்து ஏதாவது நடந்தால் பாலை நன்றாகக் காய்ச்சிக் குடித்தால் போதுமா? மாடுகளை அடிமாட்டுக்குத் தள்ளிவிட வேண்டியதுதானா? நிலம் அதோடு போய்விடுமா?

பதில்: காய்ச்சினால் போகாது. சூட்டில் கிருமிதான் சாகும், கதிரியக்கப் பொருள் அப்படியே பாலில் இருக்கும். ஆனால் மாட்டையும் நிலத்தையும் இப்போதே கைகழுவ வேண்டாம். பிள்ளைகளைக் காப்பதில் உங்கள் கைக்குள் இருப்பது நிறைய.

முதல் சில வாரங்களில் பயப்பட வேண்டியது அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின். உலையிலிருந்து கிளம்பும் மேகம் காற்றோடு வந்து புல்லில் படியும். அந்த நேரத்தில் மழை பெய்துவிட்டால் இன்னும் மோசம். மேய்ச்சலுக்குப் போன மாடு பெரிய பரப்பில் படிந்ததை ஒரே நாளில் வாயால் திரட்டிவிடுகிறது. அதில் ஒரு பங்கு அடுத்தடுத்த கறவைகளிலேயே பாலில் வந்துவிடும். பிள்ளையின் உடம்புக்குள் போன அயோடினைத் தைராய்டு சுரப்பி உறிஞ்சித் தேக்கிக்கொள்கிறது. பிள்ளைக்கு அந்தச் சுரப்பி மிகச் சிறியது, குடிக்கும் பாலோ அதிகம். அதனால் பெரியவர் குடித்த அதே ஒரு டம்ளர் பால், பிள்ளையின் தைராய்டுக்குப் பல மடங்கு கதிர்வீச்சைக் கொடுக்கும்.

1986 ஏப்ரல் 26-இல் செர்னோபில் உலை வெடித்தபோது சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு உரிய நேரத்தில் தகவல் சொல்லவில்லை. ஜனங்கள் வழக்கம்போலப் பால் கறந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அப்போது சிறுவர்களாக இருந்தவர்களில் 6,000 பேருக்கும் மேல் 2005-க்குள் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் கணிசமான பங்குக்குக் காரணம் அந்தப் பால். பெரும்பாலோர் சிகிச்சையில் பிழைத்தார்கள் என்றாலும், தடுத்திருக்கக்கூடிய நோய் அது என்பதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. 1957-இல் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பிடித்தபோது, சுமார் 500 சதுர கிலோமீட்டர் பகுதியில் கறந்த பாலைக் கிட்டத்தட்ட ஒரு மாதம் கீழே கொட்டச் சொன்னார்கள். விவசாயிகளுக்கு நஷ்டம்தான். ஆனால் அந்தப் பால் பிள்ளைகள் வயிற்றுக்குப் போகவில்லை.

நமக்குச் சாதகமான விஷயம், அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆகவே முதல் இரண்டு மூன்று மாதம்தான் கண்டம். எச்சரிக்கை வந்த உடனே மாடுகளைக் கொட்டிலுக்குள் ஓட்டிவிடுங்கள். விபத்துக்கு முன்பே அறுத்து மூடி வைத்த தீவனத்தை மட்டும் போடுங்கள். தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள், மழைநீர் அதில் சேரக் கூடாது. வெளியில் கிடக்கும் வைக்கோலை நம்பவே கூடாது. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தபோது அறுவடை முடிந்த வயல்களில் கிடந்த வைக்கோலில் கதிரியக்கப் பொருள் படிந்துவிட்டது. அதை வாங்கி மாட்டுக்குப் போட்டவர்கள் தூரத்தில் இருந்தவர்கள், தங்களுக்கு ஆபத்தில்லை என்று நினைத்தவர்கள். ஜூலையில் அந்த மாடுகளின் இறைச்சியைச் சோதித்தபோது வரம்புக்கு மேல் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள். எனவே வைக்கோல் போரின் மேல் எப்போதும் ஒரு தார்பாய் கிடக்கட்டும். அது மழைக்கும் நல்லது.

பிள்ளைகளுக்கு, விபத்துக்கு முன் தயாரான பால் பவுடர் கொடுங்கள். அயோடின் மாத்திரையைச் சுகாதாரத் துறை சொல்லும் நேரத்தில், சொல்லும் அளவில் மட்டுமே கொடுக்க வேண்டும். மேகம் வருவதற்குச் சற்று முன்போ, வந்த சில மணி நேரத்துக்குள்ளோ கொடுத்தால்தான் பலன். அது தைராய்டை மட்டும் காக்கும், மற்ற கதிரியக்கப் பொருள்களை ஒன்றும் செய்யாது. அயோடின் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வதோ, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தைக் குடிப்பதோ வேண்டவே வேண்டாம்.

வெளியேறச் சொன்னால் வெளியேறிவிடுங்கள். மாட்டுக்காகத் தங்காதீர்கள். நேரம் இருந்தால் கொட்டிலுக்குள்ளேயே கட்டை அவிழ்த்துவிட்டு, எட்டும்படி தீவனமும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போங்கள். ஃபுகுஷிமாவில் பல மாடுகள் கட்டிய இடத்திலேயே பட்டினியால் செத்தன. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்களின் மருந்துச் சீட்டும் மாத்திரையும் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். ஃபுகுஷிமா மாவட்டத்தில் பேரிடரைத் தொடர்ந்த அலைச்சல், சிகிச்சை விட்டுப்போனது, மன உளைச்சல் ஆகியவற்றால் இறந்ததாக அரசு ஏற்றுக்கொண்டவர்கள் 2,000 பேருக்கும் மேல். அவர்களில் முதியவர்களே அதிகம். அங்கே கதிர்வீச்சால் நேரடியாகப் பொதுமக்களின் உடல்நலம் கெட்டதாக ஐ.நா. அறிவியல் குழுவின் ஆய்வில் தெரியவரவில்லை. உணவையும் பாலையும் சீக்கிரமே கட்டுப்படுத்தியதற்கு அதில் பங்கு உண்டு.

சரி, நிலத்துக்கு வருவோம். அயோடின் போனபின் மிஞ்சுவது சீசியம்-137. இது பாதியாகவே 30 ஆண்டு ஆகும். ஆனால் உழாத நிலத்தில் இது மேல்மண்ணின் சில சென்டிமீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் தங்கிவிடும். களிமண் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பயிருக்கு எளிதில் விடாது. மணலோ மட்கோ மிகுந்த மண்ணில்தான் தொல்லை. அதனால் அவசரப்பட்டு ஏர் பூட்டாதீர்கள். மேலே இருப்பதை உள்ளே கலந்துவிட்டால் அப்புறம் சுரண்டி எடுக்க முடியாது. முதலில் மண்ணைச் சோதனைக்குக் கொடுங்கள்.

பொட்டாஷ் உரம் இங்கே பெரிய கைகொடுக்கும். பயிரின் வேருக்குச் சீசியமும் பொட்டாசியமும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான். மண்ணில் பொட்டாசியம் போதுமான அளவு இருந்தால் வேர் சீசியத்தைக் குறைவாகவே எடுக்கும். ஃபுகுஷிமா நெல்வயல்களில் இப்படிப் பொட்டாஷ் போட்டு, அறுத்த அரிசியை மூட்டை மூட்டையாகச் சோதித்துத்தான் விற்பனைக்கு விட்டார்கள். ஜப்பான் 2012 ஏப்ரலிலிருந்து வைத்த சீசியம் வரம்பு பாலுக்குக் கிலோவுக்கு 50 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு), பொதுவான உணவுக்கு 100 பெக்கரல்.

மாட்டைப் பொறுத்தவரை, சீசியம் ஏறிய மாடு என்றென்றைக்கும் கெட்டுப்போன மாடு இல்லை. சுத்தமான தீவனத்துக்கு மாற்றினால் பாலில் சில வாரங்களில் நன்றாகக் குறையும், தசையில் இன்னும் கொஞ்சம் காலம் பிடிக்கும். செர்னோபிலுக்குப் பிறகு பல நாடுகளில் பிரஷ்யன் நீலம் என்ற பொருளைத் தினமும் சில கிராம் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். அது குடலிலேயே சீசியத்தைப் பிடித்துச் சாணத்தோடு வெளியேற்றிவிடும். கால்நடை மருத்துவர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும், அந்தச் சாணத்தை வயலுக்கு எருவாகப் போடக் கூடாது. பிரிட்டனின் மலைப் பண்ணைகளில் ஆடுகளைக் கீழே சுத்தமான புல்வெளிக்கு இறக்கி மேய்த்து, அளந்து பார்த்தபின் விற்றார்கள். செர்னோபில் சீசியத்தால் அங்கே வந்த அந்த விற்பனைக் கட்டுப்பாடு முழுதாக விலக 2012 வரை ஆனது. அவ்வளவு காலமும் அவர்கள் ஆடு வளர்ப்பை விடவில்லை.