தண்ணீர், மணல், சேறு: பாரவாகனச் சாரதிகளின் கேள்விகளுக்குப் பதில்

மாரி தொடங்கிவிட்டது. வயலுக்கும் காட்டோரக் கிராமங்களுக்கும் லொறி கொண்டுபோகிறவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். பாரவாகனம் பற்றி மட்டும் கேளுங்கள்.

மூதூர்: அண்ணன், வெருகல் பக்கம் வயலுக்கு உரம் ஏற்றிப் போகவேண்டும். ஆற்றைக் கடக்கும் துறையில் தண்ணீர் ஓடுகிறது. லொறி உயரம்தானே, இறக்கலாமா?

தம்பி, முதலில் இறங்கி நடந்து பாருங்கள். இடுப்பில் கயிறு கட்டி, கரையில் ஒருவர் பிடித்திருக்க, நீளத் தடியால் இரண்டு சில்லுத் தடத்தையும் குத்திக் குத்திப் பாருங்கள். முதலை உள்ள இடமென்றால் கால் வைக்கவே வேண்டாம், அந்தத் துறையை விட்டுவிடுங்கள். நடக்கமுடியாத இழுவை இருந்தால் லொறியும் போகக்கூடாது.

உயரத்தை நம்பாதீர்கள். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். ஒரு கன மீற்றர் தண்ணீர் 1000 கிலோ; லொறி எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அவ்வளவு எடை சில்லுகளிலிருந்து குறையும், பிடிப்பும் குறையும். அதனால் வெறும் பெட்டியோடு திரும்பி வரும்போதுதான் ஆபத்து அதிகம். வெருகல் ஆறு மகாவலியின் கிளை, மகாவலித் தண்ணீர் மலைநாட்டிலிருந்து வருவது, இங்கே வெயில் எறித்தாலும் அங்கே பெய்த மழை வந்து சேரும். காலையில் முழங்காலுக்கு இருந்த துறை பின்னேரம் இடுப்புக்கு வந்துவிடும், ஆகவே போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை நடந்து பாருங்கள்.

கரையிலேயே லோ கியரைப் போட்டு, டிஃப் லொக் (இரண்டு பக்கச் சில்லையும் ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டு) இருந்தால் அதையும் போட்டுவிட்டு, ஆள் நடக்கும் வேகத்தில் இறங்குங்கள். நடுவில் கிளச்சை மிதிக்காதீர்கள், கியர் மாற்றாதீர்கள். எஞ்சின் தண்ணீருக்குள் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது காற்றைப்போல் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். கரையேறியதும் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி ட்ரம்மைக் காயவிடுங்கள். பிறகு அச்சு ஒயிலைப் பாருங்கள், பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்றவேண்டும்.

புல்மோட்டை: மணலில் லொறி புதைந்து போகிறது. டயர் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள், சரியா?

சரிதான், ஆனால் அளவோடு. டயர் நிலத்தை அமுக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். காற்றைக் குறைத்தால் டயர் நீளமாகப் படியும், மணலில் புதையாது. பின்னால் இரட்டைச் சில்லு உள்ள லொறியில் ஒரு சங்கடம் இருக்கிறது: மிகவும் குறைத்தால் இரண்டு டயரின் பக்கச்சுவரும் ஒன்றோடொன்று உரசிச் சூடேறி வெடிக்கும். டயர் கம்பனி கொடுக்கும் அட்டவணையில் எந்தப் பாரத்துக்கு, எந்த வேகத்துக்கு எவ்வளவு என்று இருக்கிறது, அதற்குக் கீழே போகாதீர்கள். தார் வீதிக்கு ஏறும் முன் திரும்ப அடியுங்கள். காற்று அடிக்க வழியில்லாதவர் குறைக்கவே வேண்டாம், பலகையும் மண்வெட்டியும் கொண்டுபோங்கள்.

கந்தளாய்: சின்னக் குளத்துக் கட்டால் டிப்பர் போகலாமா? சுற்றுப்பாதை தூரம்.

கூடாது. மழையில் ஊறிய கட்டின் ஓரம் பாரத்துக்குச் சரியும். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து வெள்ளத்தில் பலர் இறந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கட்டு தண்ணீரைத் தாங்கக் கட்டியது. சுற்றியே போங்கள்.

கிண்ணியா: எத்தனை அடித் தண்ணீர்வரை லொறி போகும்?

மூதூர்த் தம்பிக்கு எழுதியதை வாசியுங்கள். அடிக்கணக்கு உங்கள் லொறியின் கைநூலில் இருக்கும், அது அசையாத தண்ணீருக்கு. ஓடும் தண்ணீருக்கு இறங்கி நடந்து பார்க்கவேண்டும்.

தோப்பூர்: நானும் பழைய சாரதிதான். மெதுவாகப் போனால் நடுவில் நின்றுவிடும். அடித்து ஓட்டினால்தான் கரையேறலாம்.

ஐயா, மணலிலும் மேலோட்டமான சேற்றிலும் நீங்கள் சொல்வது சரி, அங்கே ஓட்டத்தை விடக்கூடாது. தண்ணீரில் அடித்து இறங்கினால் அலை எழும்பி ஃபேனில் மோதும், இதழ் வளைந்து ரேடியேற்றரைக் கிழிக்கும். அடியில் இருக்கும் குழியும் தெரியாது.

தோப்பூர்: என் லொறிக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லையே?

உங்கள் லொறிக்குக் காற்று இழுக்கும் குழாய் கபினுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கலாம், அதனால் எஞ்சின் தப்பியிருக்கலாம். முன் அச்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. போன மழைக்கு இல்லாத கல்லை இந்த மழை உருட்டிக்கொண்டு வந்து போட்டிருக்கும்.

ஈச்சிலம்பற்று: தோப்பூர் ஐயா சொல்வதுதான் சரி. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

ஊரில் எல்லோரும் துறையைத் தெரிந்தவர்கள். புதிதாக வருகிற பொடியன் உங்களைப் பார்த்துவிட்டு அதே வேகத்தில் இறங்குவான், எனக்கு அவனைப் பற்றித்தான் கவலை. நிற்காமல் போவது வேறு, வேகமாகப் போவது வேறு. முதலாவதில் நாங்கள் மூவரும் ஒத்துப்போகிறோம்.

திருகோணமலை நகர்: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமா?

மிச்சமே இல்லை. இன்றைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது டீசலைத் தாமாகவே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள்.

குச்சவெளி: டாட்டாவா லேலண்டா வாங்குவது நல்லது?

உங்கள் ஊர் மெக்கானிக்கைக் கேளுங்கள். அவரிடம் எதற்குப் பாகம் இருக்கிறதோ அது.

சேருவில: அண்ணன், லொறி எவ்வளவு ஆழத் தண்ணீர்...

மேலே இருக்கிறது. வாசியுங்கள். இறங்கி நடந்து பாருங்கள்.

நிலாவெளி: புதைந்த லொறியை இன்னொரு லொறியால் இழுக்கும்போது என்ன கவனிக்கவேண்டும்?

நல்லவேளை கேட்டீர்கள். முதலில் மண்வெட்டியால் சில்லுகளுக்கு முன்னால் சரிவாக வெட்டுங்கள், பாதி வேலை அதிலேயே முடியும். அடிச்சட்டத்தில் இழுப்பதற்கென்றே உள்ள கொக்கியில் மட்டும் கட்டுங்கள், பம்பரிலோ ஸ்பிரிங்கிலோ வேண்டாம். கம்பிக்கயிறு அறுந்தால் ஆளையே வெட்டும், அதனால் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றிரண்டு போடுங்கள். பார்க்க நிற்கிறவர்களைக் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரத்துக்கு விலக்கிவிட்டு, சைகை காட்ட ஒரே ஒருவரை வையுங்கள். பிள்ளைகள் கிட்ட வந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள்.