ஓடுதளத்துக்கு ஒரு பெயர்

வணக்கம் சார்,

அலாஸ்காவில் மின்டோ என்ற கிராமத்தின் விமான நிலையத்துக்கு ஆல் ரைட் என்ற விமானியின் பெயர் வைத்திருப்பதைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். ஒரு கேள்வி மனதிலேயே நிற்கிறது. இருநூறு பேர்கூட இல்லாத ஊர், சரளைக்கல் போட்ட ஓடுதளம். அங்கே ஒரு பூர்வகுடி விமானியின் பெயரை வைத்து யாருக்கு என்ன பயன்? அந்தப் பணத்தில் நாலு விளக்குப் போடலாமே? பெயர்ப்பலகை மாற்றுவது எல்லா ஊரிலும் அரசியல்வாதிகளுக்குச் சுலபமான வேலைதானே? நான் நினைப்பது தவறென்றால் சொல்லுங்கள்.

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

விளக்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அலாஸ்காவில் பத்தில் எட்டு ஊர்களுக்கு வெளியே போகச் சாலை இல்லை. ஓடுதளம்தான் அந்த ஊர்களுக்குப் பஸ் ஸ்டாண்டு. கடைக்கு மளிகை வருவதும், நோயாளியை ஏற்றிக்கொண்டு போவதும் அங்கிருந்துதான். பல கிராமங்களில் கர்ப்பிணிப் பெண்கள் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே விமானம் ஏறிப் பெரிய ஊருக்குப் போய்க் காத்திருக்கிறார்கள். (மின்டோவுக்கு ஃபேர்பேங்க்ஸிலிருந்து ஒரு சரளைச் சாலை வந்துவிட்டது. அந்த வகையில் அது கொடுத்துவைத்த ஊர்.) ஆனால் ஒரு பலகைக்கு ஆகும் காசில் ஓடுதள விளக்கு வந்துவிடாது. இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட வேண்டாம்.

அந்த மாநிலத்தில் இதுவரை யார் யார் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆங்கரேஜில் மெரில் ஃபீல்ட்: 1929-ல் பறந்து போய்த் திரும்பாத ரஸ்ஸல் மெரிலின் பெயர். கோட்செபூவில் 1930-ல் விழுந்து இறந்த ரால்ஃப் வீனின் பெயர். ஃபேர்பேங்க்ஸ் அருகே ஒரு விமானப்படைத் தளத்துக்கு, 1929-ல் சைபீரியாவில் இறந்த கார்ல் பென் ஐல்சனின் பெயர். மூவரும் வெளியிலிருந்து வந்தவர்கள், மூவரும் உண்மையான தைரியசாலிகள். அவர்கள் பெயரை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன்.

வடகோடியில், முன்பு பாரோ என்று அழைக்கப்பட்ட உட்கியாக்விக் ஊரின் விமான நிலையம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அதன் பெயரில் இரண்டு பேர்: விமானி வைலி போஸ்ட், நகைச்சுவை நடிகர் வில் ரோஜர்ஸ். ரோஜர்ஸ் செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடி வம்சத்தவர், ஆனால் அலாஸ்காவுக்கு விருந்தாளி. 1935 ஆகஸ்ட் 15 அன்று மூடுபனியில் வழி தவறி ஒரு கடற்கழியில் இறங்கினார்கள். கரையில் கூடாரம் போட்டிருந்த கிளேர் ஓக்பீஹா என்ற இனூபியாக் (வடக்கு அலாஸ்காவின் பூர்வகுடி) மனிதரிடம் பாரோ எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அவர் திசையைச் சொன்னார். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இயந்திரம் நின்று விமானம் தண்ணீரில் விழுந்தது, இருவரும் இறந்துபோனார்கள். ஓக்பீஹா சதுப்பிலும் ஈரப்புல்லிலும் பத்து மைலுக்கு மேல் ஓடிப் போய் ஊருக்குச் செய்தி சொன்னார். வழி கேட்டவர்கள் பெயர் விமான நிலையத்தில் இருக்கிறது. வழி சொன்னவர் பெயர் அதில் இல்லை.

நாய்வண்டிக் காலத்திலும் இதே கதைதான். 1925-ல் நோம் நகரத்தில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, நெனானாவிலிருந்து 674 மைல் தூரம் இருபது வண்டிக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். அதில் பெரும்பாலோர் பூர்வகுடிகள். மின்டோக்காரர்களுக்குப் பழக்கமான டொலோவானா பக்கத்திலிருந்து அடுத்த கட்டத்தை ஓட்டியவர் எட்கர் காலண்ட்ஸ். போய்ச் சேர்ந்தபோது கை வண்டிப்பிடியோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்ததாம், வெந்நீர் ஊற்றித்தான் பிரித்தார்கள் என்று சொல்வார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நியூயார்க் பூங்காவில், கடைசிக் கட்ட வண்டியை இழுத்த பால்டோ என்ற நாய்க்குச் சிலை வைத்தாகிவிட்டது. நாய்க்கும் அந்த மரியாதை தகும். ஆனால் காலண்ட்ஸ் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

1924 பிப்ரவரியில் ஐல்சன் ஃபேர்பேங்க்ஸிலிருந்து மெக்ராத்துக்கு முதல் விமானத் தபாலைக் கொண்டுபோனார். நாய்வண்டிக்குக் கிட்டத்தட்ட மூன்று வாரம் பிடித்த தூரம், மூன்று மணி நேரத்துக்குள் முடிந்தது. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற செய்தி. அதே வருடம் ஜூனில்தான் பூர்வகுடிகள் எல்லோரையும் அமெரிக்கக் குடிமக்கள் என்று ஏற்கும் சட்டம் வந்தது. அதாவது அந்த விமானம் யாருடைய காட்டுக்கு மேல் பறந்ததோ அவர்களில் பலர் அன்றைக்குக் குடிமக்களே இல்லை. ‘பூர்வகுடிகளுக்கு அனுமதி இல்லை’ என்று கடை வாசலில் எழுதி மாட்டுவது அலாஸ்காவில் சட்டப்படி குற்றமானது 1945-ல்.

ஆல் ரைட்டின் தலைமுறை வளர்ந்தது இதற்குள்ளேதான். அவர் அத்தபாஸ்கன் என்ற அலாஸ்கா பூர்வகுடி இனத்தவர். (1903-ல் பறந்த ரைட் சகோதரர்களுக்கும் அவருக்கும் உறவில்லை.) 1960களில் ஃபேர்பேங்க்ஸில் ரைட் ஏர் சர்வீஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தப் பெயரில் விமானங்கள் இன்றும் கிராமங்களுக்குப் போய்வருகின்றன.

அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று ஒரு இரவை மட்டும் நினைத்துப் பாருங்கள். உறைந்த ஆற்றில் இறங்கியதும் எண்ணெய் கெட்டியாவதற்குள் இயந்திரத்திலிருந்து அதை வடித்து, டப்பாவோடு வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். இறக்கைகளில் பனி படியாமல் துணி போர்த்த வேண்டும். காலையில் எண்ணெயை அடுப்பில் சூடாக்கி, இயந்திரத்தைச் சுற்றிக் கான்வாஸ் கட்டி, அடியில் நெருப்புச் சட்டி வைத்து, பக்கத்திலேயே காவல் நிற்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் விமானமே எரிந்துவிடும். இறங்கும் இடத்தில் தரையும் வானமும் ஒரே வெள்ளையாக இருப்பதால் உயரம் தெரியாது. ஊர்க்காரர்கள் ஸ்ப்ரூஸ் மரக்கிளைகளை வெட்டி வரிசையாகப் பனியில் ஊன்றி வைப்பார்கள். அந்தக் கிளைகளைப் பார்த்துத்தான் விமானி சக்கரத்தையோ சறுக்குக்கட்டையையோ தரையில் வைப்பார். கிளை ஊன்றியவர்களுக்கும் இறங்குகிறவருக்கும் நடுவே உள்ள நம்பிக்கைதான் அங்கே ஓடுதளம். அந்த விமானி தங்கள் மக்களில் ஒருவராக இருப்பது ஊருக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

பெயர் நிலைக்குமா என்றும் நீங்கள் கேட்கலாம். டெனாலி மலைக்கு 1917-ல் மெக்கின்லி என்று பெயரிட்டார்கள், 2015-ல் மறுபடி டெனாலி ஆக்கினார்கள், 2025-ல் மத்திய அரசு திரும்பவும் மெக்கின்லி என்றது. அலாஸ்காக்காரர்களில் பெரும்பாலோர் டெனாலி என்றுதான் சொல்கிறார்கள். மின்டோவில் இறங்குகிற விமானியும் ரேடியோவில் ‘மின்டோ’ என்று மட்டும்தான் சொல்வார். சரி, சொல்லட்டும். ஆனால் அந்த ஓடுதளத்தின் விவரம் வேண்டுமென்று எந்த விமானி கையேட்டைத் திறந்தாலும் அங்கே ஆல் ரைட் இருக்கிறார்.

அப்புறம், எலன் பேனியோக் என்ற இனூபியாக் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 16 வயதில், பூர்வகுடிகளே பங்குதாரர்களாக இருக்கும் நிறுவனத்திலிருந்து அவருடைய பங்காக 1,500 டாலர் வந்தது. அதைக் கொண்டுபோய் விமானப் பயிற்சிக்குக் கட்டினார். போதாததற்குத் தந்தத்தில் கோட்டோவியம் கீறி விற்றார். அலாஸ்கா பூர்வகுடிப் பெண்களில் முதல் விமானி அவர்தான். 2008-ல் காலமானார். ஒரு சரளைக்கல் ஓடுதளத்தின் ஓரத்தில் அவர் பெயரையும் பார்க்க வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஆசை.