கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமா?

கோடை விடுமுறை தொடங்கினாலே வீடு மாற்றுகிறவர்களின் கடிதங்களும் வரத் தொடங்கிவிடும். இந்த முறை பலரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஒரேயடியாக இடம் மாறிப் போவதற்கு முன்னால் குடும்பத்தோடு காரில் கிளம்பி, முன்பு வாழ்ந்த இடங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு வருவது பற்றி. அதனால் இந்த இதழ்ப் பகுதி முழுக்க அதற்குத்தான்.

கேள்வி: வணக்கம் அக்கா. அடுத்த மாதக் கடைசியில் நாங்கள் வேறு நாட்டுக்குக் குடிபோகிறோம், திரும்பி வர ஐந்தாறு வருஷம் ஆகலாம். அதற்குள் கல்யாணமான புதிதில் இருந்த ஊர், பையன் பிறந்த ஊர், அவர் முதன்முதலில் வேலை பார்த்த ஊர் என்று எல்லாவற்றையும் காரிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்கிறார் என் கணவர். 5 நாளில் 11 இடம் என்று பட்டியலே எழுதி ஒட்டிவிட்டார். எனக்கோ சாமான் கட்டுகிற வேலை பாதிகூட முடியவில்லை. அதோடு, போய்ப் பார்த்தால் பிரிகிற வருத்தம் இன்னும் கூடிவிடாதா? பேசாமல் கிளம்பிவிடுவது நல்லதோ என்று தோன்றுகிறது.

பதில்: போய்விட்டு வாருங்கள். ஆனால் அந்தப் பட்டியலோடு வேண்டாம்.

வருத்தத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1688-ல் ஜொகானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஊர் ஏக்கத்துக்கு ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயர் வைத்தார், வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி. அவர் அதை ஒரு வியாதியாகத்தான் எழுதினார், அப்புறம் வெகுகாலம் வரை வைத்தியர்களும் அப்படியேதான் பார்த்தார்கள். இன்றைக்கு உளவியல் ஆய்வாளர்கள் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். பழையதை நினைக்கும்போது மனம் கனத்தாலும், நமக்கென்று மனிதர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள் என்ற தெம்பும் கூடவே வருகிறது என்கிறார்கள். எனவே அந்த வாசலில் நின்று உங்களுக்கு அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், பிள்ளைகள் பார்த்தாலும் பரவாயில்லை.

இனி பட்டியல். 5 நாளில் 11 இடம் என்றால் நீங்கள் பார்க்கப் போவது ரோட்டைத்தான். இறங்கி, பத்து நிமிஷம் நின்று, ஒரு போட்டோ எடுத்து, “ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு” என்று கதவைச் சாத்துவதற்குள் எல்லாருக்கும் எரிச்சல் வந்துவிடும். உங்கள் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை இடம் போதும். ஆளுக்கு ஒரு இடம், அதை அவரவரே சொல்ல வேண்டும், மற்றவர்கள் பேரம் பேசக் கூடாது. பையன் ஏதோ ஒரு மைதானத்தின் மூலையைச் சொன்னால் அந்த மூலைக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் குறைந்தது அரை நாள் ஒதுக்குங்கள். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு, அன்றைக்கு நடந்த வழியிலேயே நடந்து போங்கள். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம், இல்லாவிட்டால் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அந்தத் தூரம் போதும்.

நடப்பதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நான் ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல வருஷம் கழித்து அப்பாவோடு நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டுக்குப் போனோம். வருகிற வழியெல்லாம் காரில் அவர் ஒன்றும் பேசவில்லை. தெருமுனையில் இறங்கி நடந்தவர், வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்றதும் பழைய பழக்கத்தில் கையைத் தூக்கி, கேட்டின் மேலாக உள்பக்கம் விட்டு, தாழ்ப்பாளைத் தேடினார். கேட் புதிது. தாழ்ப்பாள் இப்போது வெளியே, இந்தப் பக்கம் இருந்தது. அவர் விரல்கள் மட்டும் பழைய இடத்தில் கொஞ்ச நேரம் துழாவிக்கொண்டிருந்தன. அதற்கப்புறம்தான் அவர் பேச ஆரம்பித்தார், அன்று இரவு வரை நிறுத்தவில்லை. காருக்குள்ளேயே இருந்து எட்டிப் பார்த்திருந்தால் அந்தக் கதைகளில் ஒன்றுகூட எங்களுக்குக் கிடைத்திருக்காது.

கடைசியாகப் போகிற இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ஒரு அனுபவத்தைப் பின்னால் நினைக்கும்போது அதன் உச்சமான தருணமும் அது முடிந்த விதமும்தான் மனதில் அதிகம் நிற்கின்றன என்று டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1990-களில் சோதனை செய்து காட்டினார்கள். பூட்டிக் கிடக்கிற இடத்தையோ, இடித்துத் தரைமட்டமான இடத்தையோ கடைசியில் வைக்காதீர்கள். யாராவது தெரிந்த முகம் இருக்கிற இடமாக அது இருக்கட்டும்.

சாமான் கட்டுவதை முடித்துவிட்டே கிளம்புங்கள், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பாதி கட்டிய பெட்டிகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் உங்கள் மனம் முழுக்க அங்கேதான் இருக்கும். பாஸ்போர்ட், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் தனிப் பையில் எடுத்து வைத்தாயிற்றா என்று கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு 16 வயது. ஃப்ரெண்ட்ஸை எல்லாம் விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகிறோம் என்பதையே என்னால் தாங்க முடியவில்லை. இதில் அப்பாவும் அம்மாவும் அவர்கள் வாழ்ந்த இடங்களைப் பார்க்க ஒரு வாரம் காரில் கூட்டிப் போகிறார்களாம். எனக்கு எதுக்கு அது? நான் வரவில்லை என்றால் பெரிய சண்டையாகிறது.

பதில்: உன் கோபம் நியாயமானது கண்ணா. இடம் மாறுகிற முடிவை உன்னைக் கேட்டு எடுத்திருக்க மாட்டார்கள், இந்தப் பயணத்தையும் கேட்காமலே போட்டுவிட்டார்கள். நீ வரமாட்டேன் என்பதற்குப் பதில், என் இடத்துக்கும் ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டுப் பார். அன்றைக்கு உன் ஃப்ரெண்ட்ஸில் ரெண்டு பேரைக் காரில் கூட்டிக்கொள்ள வேண்டும், எங்கே போவது என்பதையும் நீதான் சொல்ல வேண்டும், அப்பா வண்டி ஓட்டினால் போதும். உன் அப்பா அம்மாவுக்கும் இங்கேயே சொல்கிறேன். வயதானவர்களிடம் வாழ்க்கையில் நடந்ததை நினைவுகூரச் சொன்னால், சுமார் 10 வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவைதான் மற்ற காலத்தைவிட அதிகமாக வெளியே வருகின்றன, இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது. உங்கள் மகளோ மகனோ இப்போது அந்த வயதின் நடுவில் இருக்கிறார். உங்கள் முதல் வாடகை வீடு உங்களுக்கு எப்படியோ, அப்படித்தான் அந்தப் பிள்ளைக்கு இன்றைய பள்ளிக்கூட மாடிப்படி.

கேள்வி: எங்கள் மகளுக்கு 3 வயது. இவ்வளவு தூரம் அழைத்துப் போனாலும் அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, வீண் அலைச்சல் என்கிறார் என் மாமியார். உண்மையா?

பதில்: பாதி உண்மை. பெரியவர்களின் முதல் ஞாபகம் சராசரியாக மூன்று, மூன்றரை வயதில்தான் தொடங்குகிறது, ஆறேழு வயது வரைக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். ஆனால் நடந்ததைப் பெற்றோர் பிள்ளையோடு சேர்ந்து விலாவாரியாகப் பேசினால் அந்தப் பிள்ளைகளின் நினைவு செழிப்பாக இருக்கிறது என்று எமரி பல்கலைக்கழகத்தின் ராபின் ஃபைவுஷ் போன்றவர்கள் பல வருஷமாக ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். “நல்லா இருந்துச்சா?” என்று கேட்டால் “ம்” என்று மட்டும்தான் பதில் வரும். “அந்தத் திண்ணையில உன் பக்கத்துல யாரு வந்து உட்கார்ந்தா? அது உன் கையை என்ன பண்ணுச்சு?” என்று கேளுங்கள், பூனை நக்கியதை அவளே சொல்வாள். ஊர் திரும்பியபின் வாரம் ஒருமுறை இப்படிப் பேசுங்கள். மாமியாரிடமும் சொல்லுங்கள், பேத்திக்குச் சொல்ல அவரிடம்தானே அதிகக் கதை இருக்கும்.

கேள்வி: எல்லா இடத்தையும் வீடியோ, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளப் போகிறேன். நல்ல யோசனைதானே?

பதில்: கொஞ்சமாக எடுங்கள். லிண்டா ஹென்கல் என்ற ஆய்வாளர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் போட்டோ எடுத்த பொருட்களைவிட வெறுமனே பார்த்த பொருட்களே மாணவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. ஆனால் ஒரு சின்னப் பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தபோது அந்தக் குறை வரவில்லை. ஆகவே முழு வீட்டையும் எடுப்பதைவிட, ஜன்னல் கொக்கியை எடுங்கள். ஆட்களின் குரலைப் பதிவு செய்ய மறக்காதீர்கள்.

கேள்வி: கோடை வெயிலில் நீண்ட தூரம் கார் ஓட்டப் போகிறேன். பின்சீட்டில் ரெண்டு குழந்தைகள், பெரியவனுக்கு வாந்தி வரும். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: டயர் காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடாவதற்குள் பாருங்கள். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதன் உச்ச அளவு, அதைப் பார்த்து அடைக்காதீர்கள். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கட்டும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி 15 நிமிஷம் இறங்கி நில்லுங்கள். நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரைக்கும், மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரைக்கும் தூக்கம் தள்ளுகிற நேரம். சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று ராத்திரியில் ஓட்டுகிற ஆசையை விட்டுவிடுங்கள்.

வாந்தி, காது உணர்கிற அசைவும் கண் பார்க்கிறதும் ஒத்துப்போகாததால் வருவது, 2 வயதிலிருந்து 12 வயது வரை அதிகம். போனையும் புத்தகத்தையும் வாங்கி வைத்துவிட்டு, முன் கண்ணாடி வழியாகத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: “ஒரு நிமிஷம் பார்த்துட்டு வந்துடறோம்” என்று தூங்குகிற குழந்தையைக் காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் முதல் 10 நிமிஷத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிதாகக் குறையாது. பழைய வீட்டைப் பார்க்கிற பரவசத்தில் நேரம் போவது தெரியாது.

கேள்வி: நாங்கள் விற்றுவிட்ட வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. கதவைத் தட்டிக் கேட்கலாமா?

பதில்: முடிந்தால் முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள். தட்டுவதென்றால் ஒருவர் மட்டும் போய்த் தட்டுங்கள், மற்றவர்கள் தெருவிலேயே நிற்கட்டும். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். உள்ளே அழைத்தால், எதை இடித்திருந்தாலும் எந்த நிறத்தில் அடித்திருந்தாலும் “அய்யோ” என்று மட்டும் சொல்லாதீர்கள். அது இப்போது அவர்கள் வீடு.

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது, மறதி ஆரம்பித்திருக்கிறது. நாங்கள் வீடு மாறினால் இனி அவர் இளவயதில் இருந்த ஊருக்குப் போக வாய்ப்பே இருக்காது. கூட்டிப் போனால் குழம்பிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அவருடைய டாக்டரிடம் கேளுங்கள், பயணம் சரி என்றால் அழைத்துப் போங்கள். காலையிலேயே கிளம்பி வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள், இரவு புது இடத்தில் தங்குவதானால் அவர் தினமும் போர்த்துகிற போர்வையும் தலையணையும் கூட வரட்டும். 16 வயதுப் பிள்ளைக்கு மேலே எழுதியதுதான் இவருக்கும்: நேற்று நடந்தது நழுவினாலும் இருபது வயதில் நடந்தது இன்னும் அவரிடம் இருக்கலாம். “இது ஞாபகம் இருக்கா?” என்று பரீட்சை வைக்காதீர்கள். முன்சீட்டில் உட்காரவைத்து, ஊர் எல்லை வந்ததும் வேகத்தைக் குறைத்து, அவர் கை காட்டுகிற பக்கம் திருப்புங்கள். தப்பான தெருவாகவே இருந்தாலும் அதன் கடைசி வரை போய்விட்டுத் திரும்புங்கள்.