மெல்பர்ன் கப் நாள் ரேஸ் எப்படி பாக்குறது: உங்க கேள்விகளும் என் பதில்களும்

நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, அதாவது ஆஸ்திரேலியாவோட பெரிய குதிரை ரேஸான மெல்பர்ன் கப் நடக்குற நாள், நெருங்குதுன்னாலே போன்ல மெசேஜ் கொட்ட ஆரம்பிச்சுடும், பாதி பேருக்கு ஒரே கேள்விதான், "அண்ணா யாரு ஜெயிப்பா". பேரை மட்டும் சொல்லிட்டா அடுத்த வருஷமும் இதையேதான் கேப்பீங்க, அதனால நான் எதை பாத்து முடிவு பண்றேன்னு சொல்லிடுறேன், குதிரையை நீங்களே எடுங்க.

அண்ணா, 24 குதிரை ஓடுது, ரேஸ் புக்கை திறந்தாலே தலை சுத்துது. எங்க ஆரம்பிக்கிறது?

தூரத்துல ஆரம்பிங்க தம்பி. கப் 3200 மீட்டர். ஆஸ்திரேலியா குதிரைங்க நிறைய அன்னிக்குத்தான் முதல் தடவையா அவ்வளவு தூரம் ஓடும். அதனால 2400, 2500ல ஓடினப்ப கடைசி 400 மீட்டர்ல என்ன பண்ணுச்சுன்னு பாருங்க, ரீப்ளே எல்லாம் ஃப்ரீயாவே கிடைக்குது. அக்டோபர்ல மெல்பர்ன்லயே காஃபீல்டு மைதானத்துல நடக்குற காஃபீல்டு கப்தான் முக்கியமான பரீட்சை. 2001ல எதீரியல், 2023ல வித்தவுட் எ ஃபைட் ரெண்டு கப்பையுமே அடிச்சதுங்க. ஆனா எனக்கு அங்க ஜெயிக்கிறதை விட மூணாவது நாலாவதா வந்து, ரேஸ் முடியிற போஸ்ட்டை தாண்டின பிறகும் வேகம் குறையாம போற குதிரைதான் பிடிக்கும், ஏன்னா காஃபீல்டுல கடைசி நேர் ஓட்டம் சின்னது, கப் நடக்குற ஃபிளெமிங்டன்ல 450 மீட்டர் இருக்கு, லேட்டா வர்ற குதிரைக்கு அங்க நேரம் கிடைக்கும். 2006ல ஜப்பான்ல இருந்து வந்த டெல்டா ப்ளூஸ் அப்படித்தான், காஃபீல்டுல மூணாவது, கப்ல முதல். அது ஏற்கனவே ஜப்பான்ல 3000 மீட்டர் கிகுகா ஷோ ரேஸ் ஜெயிச்ச குதிரை, அதாவது தூரம் தாங்கும்னு பேப்பர்லயே எழுதியிருந்துச்சு!

குதிரை பேருக்கு பக்கத்துல இருக்குற நம்பர் எல்லாம் போன ரேஸ்ல எத்தனையாவதா வந்துச்சுன்னு சொல்றது, கடைசி நம்பர்தான் லேட்டஸ்ட். நடுவுல எக்ஸ் இருந்தா ரெஸ்ட்டுக்கு போயிட்டு வந்திருக்குன்னு அர்த்தம். 0ன்னா பத்தாவது இல்ல அதுக்கும் பின்னாடி.

சார், வெயிட் கம்மியா இருக்குற குதிரையைத்தான் எடுக்கணும்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார், சரியா?

பாதி சரி. இது ஹேண்டிகேப் ரேஸ், நல்லா ஓடுற குதிரைக்கு வெயிட்டை ஏத்தி சுமாரான குதிரையையும் கிட்ட கொண்டு வர்றதுதான் ஹேண்டிகேப்பர் வேலை. ஜாக்கி, சேணம், பத்தலைன்னா ஈயத்தகடு எல்லாம் சேத்துதான் அந்த வெயிட். ஃபார் லாப் கதையை பாருங்க, 1930ல 62.5 கிலோ சுமந்து ஜெயிச்சுது, அடுத்த வருஷம் 68 கிலோ ஏத்தினாங்க, எட்டாவதா வந்துச்சு. அவ்வளவு பெரிய குதிரையையே வெயிட் நிறுத்திடுச்சு. ஆனா மகைபி டிவா 2003ல 51, 2004ல 55.5, 2005ல 58 கிலோன்னு ஏத்த ஏத்த மூணு தடவையும் ஜெயிச்சுது, அதுவும் பெண் குதிரை, எனக்கு இன்னிக்கும் அந்த 2005 ரேஸை பாத்தா கண்ணு கலங்கும்.

அதனால வெயிட் கம்மின்னு மட்டும் பாக்காதீங்க, ஏன் கம்மின்னு பாருங்க. சுமாரா ஓடினதால கம்மியா, இல்ல இன்னும் தன் திறமையை காட்டாததால கம்மியா? 2017ல ரீகிண்ட்லிங் 51.5, 2018ல கிராஸ் கவுண்டர் 51. ரெண்டும் ஐரோப்பாவுல மூணு வயசு குதிரைங்க, வேகமா முன்னேறுற வயசு, ஹேண்டிகேப்பர் போட்ட வெயிட்டை விட ரேஸ் நாள்ல குதிரையோட திறமை கூடிடுது. அப்படி ஒண்ணு லிஸ்ட்ல இருந்தா நான் ரெண்டு தடவை பாக்காம விடமாட்டேன்.

பேரியர் 18, அதாவது குதிரை கிளம்புற 18வது கூண்டுல இருந்து எதுவுமே ஜெயிச்சதில்லையாமே?

ஆமா, உண்மைதான். ஆனா பக்கத்துல இருக்குற 19ல இருந்துதான் கிராஸ் கவுண்டர் ஜெயிச்சுது. முதல் வளைவு வர்றதுக்குள்ள நீளமான நேர் ஓட்டம் இருக்கு, நல்ல ஜாக்கி உள்ள வந்துடுவாங்க. 18ன்னு ஒரு நல்ல குதிரையை தூக்கி போட வேண்டாம்.

அண்ணை, அண்டைக்கு மழை பெய்தால் என்ன செய்யிறது? நான் டாண்டினோங்கில இருக்கிறன், இஞ்ச காலமை வெயில், பின்னேரம் மழை.

மெல்பர்ன் வெதர் உங்களுக்கு தெரியாததா! டிராக்குக்கு 1ல இருந்து 10 வரைக்கும் ரேட்டிங் குடுப்பாங்க, 1, 2 ஃபர்ம், 3, 4 குட், 5ல இருந்து 7 சாஃப்ட், 8ல இருந்து 10 ஹெவி. குதிரையோட ரெக்கார்டுல ஒவ்வொண்ணுலயும் எத்தனை ஓட்டம் எத்தனை வெற்றின்னு தனித்தனியா இருக்கும். சாஃப்ட்ல ஓடவே இல்லாத குதிரையையும் சாஃப்ட்ல அஞ்சு தடவை ஓடி தோத்த குதிரையையும் ஒண்ணா வைக்காதீங்க, முதல்ல சொன்னதுக்கு இன்னும் சான்ஸ் இருக்கு. காலைல போட்ட லிஸ்ட்டை ரேட்டிங் மாறினா கிழிச்சு போட்டுட்டு திரும்ப போடுங்க, சோம்பல் படாதீங்க.

நிறைய பேர் காசு கட்டுற ஃபேவரிட்டையே எடுத்தா என்ன? 1 டாலருக்கு 100 டாலர் லாபம் குடுக்குற 100க்கு 1 குதிரை எல்லாம் எப்பவாவதுதானே வரும்?

2015ல பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் 100க்கு 1, மிஷெல் பெய்ன் ஓட்டினாங்க, கப் ஜெயிச்ச முதல் பெண் ஜாக்கி. அது எப்பவாவது வர்றதுதான். ஆனா கேள்வி ஃபேவரிட்டா இல்லையான்றது இல்லைங்க, குடுக்குற விலை சரியா இல்லையான்றதுதான். ஒரு குதிரை 4 டாலர்னா, அதாவது 1 டாலர் கட்டி ஜெயிச்சா 4 டாலர் கைக்கு வரும்னா, 25 சதவீத சான்ஸ்னு அந்த விலை சொல்லுது. 24 குதிரையோட சதவீதத்தையும் கூட்டி பாருங்க, 100ஐ தாண்டும், தாண்டின மிச்சம் பெட் வாங்குற புக்கிக்கு போறது. நான் விலையை பாக்குறதுக்கு முன்னாடியே ஒரு நோட்டுல இதுக்கு இவ்வளவு சான்ஸ்னு எழுதிடுவேன், அப்புறம்தான் விலையை பாப்பேன். நான் 10 சதவீதம்னு எழுதினது 15 டாலர்ல இருந்தா எடுப்பேன், 7 டாலர்னா எவ்வளவு பிடிச்ச குதிரையா இருந்தாலும் விட்டுடுவேன். விலையை முதல்ல பாத்துட்டா மனசு அது பின்னாடியே போயிடும், இதை நான் கிண்டில ரேஸ் பாக்க ஆரம்பிச்ச காலத்துல தெரியாம வருஷக்கணக்கா தப்பு பண்ணிருக்கேன்.

அன்னிக்கு பத்து ரேஸ் இருக்கே, எல்லாத்துலயும் ஆடணுமா?

வேண்டாம். ரெண்டு மூணு போதும். 1000, 1200 மீட்டர் ரேஸ் எல்லாம் வளைவே இல்லாம நேரா ஓடும், குதிரைங்க ரெண்டு கூட்டமா பிரிஞ்சு ஒண்ணு உள் பக்கம் ஒண்ணு வெளி பக்கம்னு போகும், அதுல நல்ல குதிரை தப்பான பக்கம் மாட்டினா அவ்வளவுதான். அப்படி முதல் ரேஸ்ல காசு போடாம சும்மா பாருங்க, எந்தப் பக்கம் தரை வேகமா இருக்குன்னு தெரிஞ்சிடும், அடுத்ததுக்கு அது உதவும்.

போன வருஷம் விட்டதை இந்த தடவை எடுக்கணும் அண்ணா, வீட்டுக்கு தெரியாம கொஞ்சம் கடன் வாங்கிருக்கேன். ஷ்யூரா ஒண்ணு சொல்லுங்க.

தம்பி, உங்களுக்கு நான் குதிரை சொல்லமாட்டேன். ஷ்யூர்னு ஒண்ணு கிடையாது, நான் நல்லா கணக்கு போட்ட வருஷத்துலயே பல தடவை தோத்திருக்கேன். கடன் காசை திருப்பி குடுத்துடுங்க, வீட்ல இன்னிக்கே சொல்லிடுங்க. பெட்ஸ்டாப்னு அரசாங்கத்தோட பதிவு ஒண்ணு 2023ல இருந்து இருக்கு, அதுல பேர் குடுத்தா லைசென்ஸ் வாங்கின எந்த ஆன்லைன் கம்பெனியும் உங்ககிட்ட பெட் வாங்க முடியாது. பேசணும்னா 1800 858 858, காசு இல்லை, ராத்திரியும் எடுப்பாங்க. கூச்சப்படாம கூப்பிடுங்க.

நேர்ல வர்றோம் சார். குதிரையை பாத்தா ஏதாவது தெரியுமா?

தெரியும், அதுக்காகத்தான் நான் டிவியை விட்டுட்டு போறதே. ரேஸுக்கு முன்னாடி ஜாக்கிங்க குதிரை மேல ஏறுற மவுண்டிங் யார்டு பக்கத்துல நில்லுங்க. காது முன்னாடி பாத்து, நீளமா அடி எடுத்து வெச்சு, அமைதியா நடந்தா நல்லது. பின்னங்கால் நடுவுல நுரையா வேர்வை, தலையை தூக்கி தூக்கி இழுக்குது, ரெண்டு பேர் புடிச்சாலும் அடங்கலைன்னா 3200 மீட்டருக்கு வேணும்ற சக்தியை அங்கேயே செலவழிக்குது. நடை ஒட்டலா, காலை சரியா ஊனலைன்னா அந்தக் குதிரை பக்கமே போகாதீங்க. 2020ல ஆந்தனி வேன் டைக்னு இங்கிலாந்துல எப்சம் டெர்பி ரேஸ் ஜெயிச்ச குதிரை இங்க கப்ல கால் உடைஞ்சு செத்துப்போச்சு, அதுக்கப்புறம்தான் வெளிநாட்டு குதிரைங்களுக்கு கால் ஸ்கேன் கட்டாயம் ஆக்கினாங்க, அதை நான் முழு மனசோட வரவேற்கிறேன். ரெட் கேடோன்னு ஒரு குதிரை மூணு தடவை ரெண்டாவதா வந்துச்சு, 2011ல போட்டோ எடுத்து பாத்தும் மூக்கு நுனியில தோத்துச்சு, அதுவும் 2015 கப்ல அடிபட்டு அப்புறம் போயிடுச்சு. நான் பெட் போடாத ரேஸுக்கும் யார்டுக்கு போய் நிப்பேன், 24ம் நல்லா நடக்குதான்னு பாப்பேன், ரேஸ் முடிஞ்சு 24ம் திரும்பி வர்ற வரைக்கும் டிக்கெட்டை கையில எடுக்கமாட்டேன்.